நான்காம் எண் கீபோர்டு

1. நான்காம் எண் கீபோர்டின் ஓசை மற்ற ஐந்தையும்விட ஓர் இமைப்பொழுது பிந்தி வந்தது.
2. ஒயரை மாற்றினேன். பிந்தித்தான் வந்தது.
3. ஹெட்போனை மாற்றினேன். பிந்தித்தான் வந்தது.
4. ஆறு ஹெட்போன்களும் சேரும் பெட்டியைத் திறந்து நான்காம் இணைப்பை மறுபடி பற்றவைத்தேன். மாற்றமில்லை.
5. கீபோர்டையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். அதுவும் பிந்தியது.
6. அதன்முன் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பெண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரிசையை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். முதல் ஐந்தும் இரண்டு வாரங்களுக்குள் நடந்தவை. ஐந்தாவதற்குப் பிறகு நான்கு மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. அந்த நான்கு மாதங்களுக்கு எண் போட எனக்குத் தெரியவில்லை.

நான் மின்னணுப் பொறியியல் படித்தவள். வார நாட்களில் வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குச் சோதனை வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். சனிக்கிழமைகளில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டிப் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் மாடி அறையில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லித்தருகிறேன். பலகையில் பியானோ என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே இருப்பவை ஆறு கீபோர்டுகள். ஒரே நேரத்தில் ஆறு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். எல்லா ஒயர்களும் நானே செய்த ஒரு பெட்டிக்கு வரும். ஒரு சுவிட்சைத் தட்டினால் ஒரு குழந்தையின் வாசிப்பு என் காதுக்கு வரும். இன்னொன்றைத் தட்டினால் எல்லார் காதிலும் ஒரே தாளம் டிக் டிக் என்று ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆறு குழந்தைகள் சத்தமே இல்லாமல் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பது வேடிக்கையாக இருக்கும்.

சேரும் நாளில் பெற்றோரிடம் ஒரு தாள் கொடுப்பேன். அதில் முதல் விதி, யாரும் தனியாக வாசிக்க வேண்டியதில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் என்னை மேடையில் தனியாக உட்காரவைத்து, பாதியில் விரல் நின்றுபோய், முன்வரிசை சிரித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் வகுப்பில் எந்தக் குழந்தைக்கும் அது நேரக் கூடாது என்று வைத்த விதி. இரண்டாவது விதி, ஹெட்போன் சத்தம் பாதிக்கு மேல் போகக் கூடாது. குழந்தைகளின் காது கெட்டுவிடும்.

இந்த இரண்டு விதிகளும்தான் அந்தப் பெண்ணை என்னிடமிருந்து மறைத்தன. ஆனால் இங்கே எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவளைவிட அவளுடைய அம்மாதான். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். கணவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். அக்கா தினமும் பஸ் பிடித்து வந்து, செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும் ஒரு கஃபேயில் சமைத்தார். "பாஸ்தா பண்ணுவேன், பான்கேக் பண்ணுவேன், ஹம்மஸ்கூட அரைப்பேன் மிஸ். எங்க வூட்டுக்காரருக்குப் புடிக்கிற மாதிரி ஒரு ரசம் மட்டும் வெக்க வரல" என்பார். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சாயங்காலங்களில் கீபோர்டு வாசிப்பாராம். கோடை விடுமுறையில் அம்மாவோடு வந்த பெண் அவர் பக்கத்திலேயே நின்று அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊருக்குப் போகும்போது அவர் அந்தக் கீபோர்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அக்கா அவளைக் கையைப் பிடித்து என் மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க ஜாதி சனத்துல யாரும் இத வாசிச்சதில்ல மிஸ். இவ வாசிக்கட்டும்."

என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காத குழந்தை அவள். நான் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அவள் பக்கத்தில், கவனம் என்ற இடத்துக்கு நேராக, மிக நன்று என்று எழுதினேன்.

எல்லாம் என் கண்முன் நடந்தது. மூன்றாம் இருக்கையில் ஒரு வாயாடிப் பெண் இருந்தாள். ஒருநாள் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மிஸ், இவ என் கையையே பாத்துக் காப்பி அடிக்கிறா மிஸ்! நான் தப்பா போட்டா அவளும் தப்பா போடறா!" என்று கத்தினாள். கோள் சொல்லக் கூடாது என்று அவளைத்தான் அதட்டினேன். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் நான்காம் கீபோர்டின் வால்யூம் குமிழ் கடைசிவரை திருகப்பட்டிருக்கும். நான் குறைத்து வைப்பேன். அடுத்த வாரம் மறுபடி கடைசியில் நிற்கும். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒருநாள் குமிழைப் பாதியில் நிறுத்தி, அதன்மேல் செல்லோடேப் ஒட்டினேன். அவள் அந்த டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன்னிடம் இருப்பது குறை என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தாள்.

டேப் ஒட்டிய பிறகுதான் நான்காம் எண் பிந்த ஆரம்பித்தது. ஒட்டியதற்கும் பிந்தியதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை. மேலே சொன்ன ஐந்தையும் செய்து முடித்துவிட்டு, மாற்றிவைத்த கீபோர்டின் குமிழுக்கும் டேப் ஒட்டிவிட்டு, அக்காவிடம் சொன்னேன்: "பாப்பாவுக்கு வீட்ல ப்ராக்டிஸ் கம்மியா இருக்குதுக்கா."

அக்கா முகம் சுண்டிப்போனது. "கூப்பிட்டா காதுலயே வாங்க மாட்டேங்கறா மிஸ். அப்பன மாதிரியே. அவருக்கும் நான் பேசறது மட்டும் கேக்காது" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, "இனிமே பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். தினமும் இரண்டு மணி நேரம் பெண்ணை வீட்டுக் கீபோர்டின்முன் உட்காரவைத்தார், ஹெட்போனோடு. வீட்டுக் குமிழில் டேப் இல்லை.

அந்த வருடம் ஒரு பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தது. கிரிவலக் கூட்டத்தில் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்று காலையிலேயே வகுப்பு இல்லை என்று குரூப்பில் போட்டேன். அதற்குள் அக்கா பஸ் ஏறிவிட்டிருந்தார். பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நடந்தே வந்து, படியேறி, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அங்கயே எறக்கி வுட்டுட்டான் மிஸ். ஊரே ஒரு பக்கம் போவுது, நாங்க மட்டும் எதுத்தாப்புல வரோம். பாப்பாவ மட்டும் ஒரு அரை மணி நேரம் பாத்து அனுப்புங்க."

அப்படித்தான் அவள் முதல்முறையாக என் அறையில் தனியாக உட்கார்ந்தாள்.

வாசி என்றேன். அவள் இடப்பக்கம் திரும்பி, காலியாக இருந்த மூன்றாம் இருக்கையைப் பார்த்தாள். பின்னால் போய் நின்று மறுபடி சொன்னேன். அசையவில்லை. கையைத் தட்டினேன். அசையவில்லை. நான் போய் மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து கட்டையில் விரல் வைத்ததும் அவள் முகம் தெளிந்தது. நான் தொடங்க, கூடவே தொடங்கினாள், ஓர் இமைப்பொழுது பிந்தி. வேண்டுமென்றே ஒரு கட்டையைத் தப்பாக அழுத்தினேன். அவளும் அதையே அழுத்தினாள்.  வாசிப்பை நிறுத்தாமல் இடக்கையை நீட்டிப் பெட்டியில் நான்காம் எண்ணின் சுவிட்சை அணைத்தேன். அவள் ஹெட்போனில் இப்போது தாளமும் இல்லை, அவள் வாசிப்பும் இல்லை. அவள் நிறுத்தவில்லை. என் வலக்கையைப் பார்த்தபடி, தலையைக்கூட லேசாக ஆட்டிக்கொண்டு, பாட்டு முடியும்வரை வாசித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார்: "என்ன மிஸ், இன்னிக்கும் ப்ராக்டிஸ் கம்மியா?"

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மணியை டப்பாவில் போடச் சொன்னார்கள். மணிகள் ஒழுங்காக விழுந்தன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பரிசோதனை செய்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு நிமிடம் பார்த்தாள். "பாப்பா என் கையப் பாத்துப் போடுது" என்று சொல்லி, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அதன்பிறகு குழந்தை மணியை விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை வருடத்தில் நான் செய்யாததை அந்தப் பெண் இரண்டு நிமிடத்தில் செய்தாள்.

இரண்டு காதிலும் நரம்புக் குறைவு, கூடிக்கொண்டே போகிற வகை என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் ஹெட்போன் போடுவாள் என்று கேட்டார். அக்கா, "தெனம் ரெண்டு மணி நேரம் சார். மிஸ் ப்ராக்டிஸ் பத்தலன்னாங்க" என்றார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். டாக்டர் எழுதிக்கொண்டே, "அதனாலதான்னு சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார்.

அவர்கள் கொடுத்த தாளில் ஒரு வரைபடம் இருந்தது. அதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடைக்கோட்டில் இருக்கும் எண்கள் ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு. அவை ஏறக்குறைய ஒரே சுரத்தின் மேல் மேலான படிகள். ஆகவே அந்தத் தாளைக் கீபோர்டின்மேல் விரித்து வைத்தாற்போல் என்னால் பார்க்க முடிந்தது. இடப்பக்கத்துக் கட்டைகளில் கோடு ஓரளவு தாங்கி நின்றது. நடுக் கட்டையைத் தாண்டியதும் சரிந்து கீழே போனது. எந்தக் கட்டையோடு அவளுக்கு உலகம் முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டியிருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் பெண் ஜன்னலோரம் தூங்கிப்போனாள். அக்கா கேட்டார்: "அந்தக் கோடு என்னா சொல்லுது மிஸ்?"

"பியானோல நடுவுல இருந்து வலது பக்கம் பாப்பாவுக்கு இல்லக்கா. போகப் போக இடது பக்கமும் குறையலாம்னு சொல்றாங்க."

 போளூர் தாண்டிய பிறகு அக்கா கேட்டார்: "எங்குரலு அதுல எந்தக் கட்டையில இருக்குது?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. "நடுக் கட்டைக்குக் கொஞ்சம் இடது பக்கம். குரல் கேக்கும்க்கா. வார்த்தைங்க வலது பக்கத்துல இருக்குது. அது கேக்காது."

"அப்ப நான் கத்தறது மட்டும் கேட்டிருக்குது. எதுக்குக் கத்தறேன்னு கேக்கல" என்றார் அக்கா. பிறகு மகளின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். 

அந்த வாரத்திலிருந்து என் தாளில் முதல் விதி இல்லை. ஒவ்வொரு குழந்தையும் முதலில் தனியாக வாசிக்கிறது. சில குழந்தைகள் அழுகின்றன. ஒரு தந்தை வந்து சண்டை போட்டுவிட்டு மகனை நிறுத்திவிட்டார். நான் மாற்றவில்லை.

இடக்காதுக்குக் காது கேட்கும் மெஷின் வந்தது. வலக்காதுக்கு அது பயன்படாது என்றார்கள். மெஷினோடு அவள் வந்த முதல் நாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே அவளை வரச் சொன்னேன். ஹெட்போன் இல்லாமல், வெளிச் சத்தத்தில், மெதுவாக ஒரு வரி வாசித்தாள். இரண்டாவது வரிக்கு வரும்போது முகம் கோணியது. மெஷினைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

"இது பியானோ இல்ல மிஸ். தட்ட உருட்டுற மாதிரி இருக்குது."

அவள் சொன்னது உண்மை. அந்தக் கருவி பேச்சுக்காகச் செய்தது. இசையை அது எப்படிச் சிதைக்கும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். வேலூருக்குப் போன் செய்து இசைக்கென்று வேறு அமைப்பு வைக்க முடியுமா என்று கேட்டேன். இந்த மெஷினில் அது கிடையாது என்றார்கள். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டால்தான் மூளை பழகும், கழற்றிக் கழற்றிப் போட்டால் பழகவே பழகாது என்றும் சொன்னார்கள். ஆனால் அவள் கழற்றினாள். முதலில் கீபோர்டின்முன் மட்டும். இடப்பக்கத்துக் கட்டைகளில், தனக்கு மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்சத்தில், மெஷின் இல்லாமல் மணிக்கணக்காக வாசித்தாள். பிறகு பள்ளியிலும் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீபோர்டு. இரண்டாவது பரிசோதனையில் இடக்காதின் கோடும் இறங்கியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா தனியாக வந்தார். கஃபேயிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், கையில் மாவு காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பியானோ வேணாம்னு நீங்க சொல்லுங்க மிஸ். நான் சொன்னா, நீதான சேத்துவுட்டேன்னு கேக்கறா. நீங்க சொன்னா கேப்பா."

நான் மறுத்தேன். ஒன்று, நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் அனுமதிக்கலாம். இரண்டு, இடப்பக்கத்துத் தாழ்ந்த சுரங்கள் மட்டும் உள்ள பாட்டுகளை நானே எழுதித்தருகிறேன். மூன்று, வேறு மெஷினுக்கு எங்காவது விண்ணப்பிக்கலாம். நான்காவதைத் தொடங்குவதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நம்பர் போடாதீங்க மிஸ். அவ பேச்சு மழுங்கிப் போவுது. கடைக்காரன் என்னா என்னான்னு மூணு வாட்டி கேக்கறான். பக்கத்து வூட்டுப் பசங்க அவ பேசறாப்புல பேசிக்காட்டிச் சிரிக்குதுங்க. இப்பல்லாம் வாயத் தொறக்கறதே இல்ல. தலைய ஆட்டறா, இல்லனா கையக் காட்டறா. எனக்கு அவ வாசிக்கத் தேவையில்ல. பேசினா போதும்."

அவர் குரல் உயரவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்கள் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் யாரிடமாவது ஒரு மனு கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவள் கீபோர்டின்முன் இருந்தாள். மெஷின் காதில் இல்லை. சொல்ல வேண்டியதை எதிரே உட்கார்ந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவளிடம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நகர்ந்து உட்கார்ந்தேன்.

"பியானோ போதும் பாப்பா. மெஷினப் போட்டுக்கோ. கழட்டாத."

அவள் என் வாயையே பார்த்தாள். புரியாததுபோல் இருந்தது. மறுபடி சொல்ல வைத்துவிட்டாள். இரண்டாவது முறை சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னேன்.

"நான் தப்பா வாசிச்சனா மிஸ்?" என்றாள். அந்த மழுங்கிய பேச்சில் 'மிஸ்' என்பது பாதிதான் வந்தது.

"இல்ல. நல்லா வாசிச்ச."

எழுந்துபோய், பென்சில் டப்பாவிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். மாட்டியதும் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. வெளியே யாரோ மோட்டார் போட்டிருந்தார்கள். அக்கா ஒரு பழைய புடவையைக் கொண்டுவந்து கீபோர்டைச் சுற்றினார். அவர் கணவர் அதைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். எனக்குக் காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அவள் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மெஷின் போட்டுக்கொள்கிறாள். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். பேச்சு மேலும் மழுங்காமல் நிற்கிறது, தெளியவில்லை. வலக்காதில் ஒன்றும் இல்லை. இடக்காதில் இருப்பது போன பரிசோதனையில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மெஷின் ஒழுங்காகப் போட்டாலும் அது இறங்கும் என்று இப்போது சொல்கிறார்கள். அடுத்த பரிசோதனை வரும் மாதம், நானும் கூடப் போகிறேன். அக்கா வாரம் ஒருமுறை போனில் பேசுகிறார், போனை அவளிடமும் கொடுக்கிறார். நான் பேசுகிறேன். மறுமுனையில் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. என் வார்த்தைகளில் எத்தனை அவளுக்குப் போய்ச் சேருகின்றன என்று எனக்குத் தெரியாது. அவள் வாசிப்பதில்லை.